பழைய பெட்டிப் பையை நிமிர்த்தி வைக்க

நான் முதன்முதலில் கெடுத்த பை என் பெரியம்மையுடையது. அவர் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். 1960களில் கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த பழுப்பு நிறத் தோல் பை, மேசையில் வைத்தால் உண்டியல் மாதிரி நிமிர்ந்து உட்காரும். பரணிலிருந்து இறக்கியபோது வறண்டு வெளிறிப் போயிருந்தது. தலைக்கு நல்லதென்றால் தோலுக்கும் நல்லதுதானே என்று ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை விட்டுத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் பார்த்தால் நிறம் கறுத்து, பக்கங்கள் தொய்ந்து, நமுத்த அப்பளம் மாதிரி சரிந்து கிடந்தது.

திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் செருப்பும் பையும் தைக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். மூக்கருகே பிடித்து முகர்ந்தார். “என்னத்த ஊத்தி வச்சிருக்கிய? தாளிக்கப் போறியளோ?” என்றார். அப்புறம் பையின் வாயை விரித்து, உள்துணிக்கு மேலே விரலால் தட்டிக் காட்டினார். “தோலு சட்டை மாதிரி. உள்ள இருக்க அட்டைல்லா நிக்குது.”

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பைகளாவது என் கையில் வந்து போயிருக்கும். அவர் தட்டிக் காட்டியதை மறந்த ஒவ்வொரு முறையும் அடி வாங்கியிருக்கிறேன். அதனால் நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

நிற்பது எது என்று முதலில் பாருங்கள்

தொளதொளவென்று தோளில் தொங்கும் பைக்கும், பெட்டி மாதிரி நிற்கும் பைக்கும் வைத்தியம் வேறு. பெட்டிப் பை மூன்று அடுக்கு: வெளியே தோல், நடுவில் விறைப்புக்கு ஓர் அட்டை, உள்ளே துணியோ மெல்லிய தோலோ ஒட்டிய உள்துணி. நடுவில் இருப்பது சில பைகளில் கெட்டித் தோல், சிலவற்றில் தோல் தூளை அழுத்திச் செய்த அட்டை, மலிவானவற்றில் வெறும் காகித அட்டை. விறைப்பு, பசை, தையல் மூன்றும் சேர்ந்துதான் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. எண்ணெயும் தண்ணீரும் இந்த மூன்றையும் தாக்கும்.

எர்மேஸ் நிறுவனத்தின் கெல்லி பையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நடிகை கிரேஸ் கெல்லியின் கையில் இருந்து புகழ்பெற்று, பிற்பாடு அவர் பெயரையே வாங்கிக்கொண்ட பை. அதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்றில் தையல் வெளியே தெரியும், ஓரங்கள் கூர்மையாக நிற்கும். மற்றதை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்துவிட்டு, தலையணை உறையைப் போலத் திருப்பிவிடுவார்கள். ஓரம் மெத்தென்று இருக்கும். உங்கள் பை எந்த விதம் என்று பாருங்கள். தையல் வெளியே தெரிந்தால் பழுது பார்ப்பது சுலபம். திருப்பிய பை என்றால் உள்துணியைப் பிரிக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. முதல் பையாக அதைத் தொடாதீர்கள்.

தோலா, ரெக்சினா

இதில் ஏமாந்தால் உழைப்பு முழுக்க வீண். வெட்டு ஓரத்தையோ பைக்குள் மடிப்பையோ பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும். ரெக்சின் என்றால் அடியில் நெய்த துணி தெரியும், மேலே பிளாஸ்டிக் ஏடு. சிலர் தீக்குச்சி வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். பை உங்களுடையது, வீடும் உங்களுடையது, வேண்டாம்.

பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல், காற்றிலுள்ள ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதைந்துகொண்டு வரும். பீரோவில் பூட்டி வைத்தாலும் ஒருநாள் செதில் செதிலாக உரியும். அதற்கு மருந்து கிடையாது. உரிய ஆரம்பித்த பையைப் பழுது பார்க்க யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

தோல்தான் என்று தெரிந்தபின், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் மேலே பூச்சு இல்லாத தோல். எதைத் தடவினாலும் குடித்துவிடும், கறை தங்கிவிடும். சொட்டு உருண்டு நின்றால் நிறப்பூச்சு உள்ள தோல், கொஞ்சம் தைரியமாகத் துடைக்கலாம்.

பதனிட்ட முறையும் முக்கியம். நம் பக்கம் தரிசிலும் ரோட்டோரத்திலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற ஆவாரையின் பட்டைதான் தமிழ்நாட்டில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஒரு காலத்தில் உயிர். அந்தப் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் முடித்த தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறியது. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியை நாம் மனுசருக்குத்தான் சொல்கிறோம். செத்த மாட்டின் தோலுக்கும் பொருந்தும். இப்படித் தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், வளைத்து வைத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், கை பட்டுப் பட்டு நிறம் ஆழமாகும். பெட்டிப் பைக்கு ஏற்றது அதுதான். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீரையும் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும், ஆனால் சரிந்த வடிவத்தைத் திரும்பப் பிடிக்காது. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் அது பல நேரம் நீலச் சாம்பல் நிறமாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. விரலால் தேய்த்தால் செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள் வருகிறதா? தாவரப் பதனீட்டுத் தோல் நெடுங்காலம் காற்றிலிருந்து அமிலம் ஏறி நார் மட்கிப்போன நிலை அது. திரும்பாது. துடைக்காமல், எண்ணெய் போடாமல், கண்ணாடி அலமாரியில் வைத்துப் பாருங்கள்.

நனைந்த பை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். மதினி வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தது. அதில் இரண்டு தோல் பைகள்.

வெயில் வந்ததும் மதினி ஒன்றை மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டார். மற்றதை நான் எடுத்து வந்தேன். மாடியில் காய்ந்தது மூன்று நாளில் ஓலை மாதிரி முறுகி, மூடி வாயில் உட்காராத அளவுக்குச் சுருங்கிவிட்டது. நனைந்த தோல் சூட்டைத் தாங்காது. தாவரப் பதனீட்டுத் தோல் ஈரமாக இருக்கும்போது 75, 85 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும்; நாள்பட்ட தோல் அதற்கும் கீழே. நம் ஊர் வெயிலில் தளம் அவ்வளவு சுடாதுதான். ஆனால் வேகமாகக் காயும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். தலைமுடி உலர்த்தும் மெஷினையும் அயர்ன் பாக்ஸையும் அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நான் செய்தது இது. சேற்றை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தேன். பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி உள்ளே அடைத்து, மூலைகளை விரலால் தள்ளி வடிவம் கொடுத்தேன். அச்சடித்த பேப்பரை அடைத்தால் மை ஒட்டும். மூடியைத் திறந்து வைத்து, நிழலில், ஃபேன் காற்று நேராகப் படாமல் வைத்தேன். முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வேட்டித் துணியை மாற்றினேன், அப்புறம் நாளைக்கு இரண்டு முறை. முழுக்கக் காய இரண்டு வாரம் ஆயிற்று. தோல் தப்பித்தது. அடி அட்டை மட்டும் கூழாகிவிட்டது. அதை மாற்றிய கதை கீழே வருகிறது.

கோச் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய பைகளைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் கழுவுகிறவர்கள் உண்டு. உள்துணியும் அட்டையும் இல்லாத, கனமான ஒற்றைத் தோலில் செய்த பைகள் அவை, தாங்குகின்றன. அதைப் பார்த்து உங்கள் பெட்டிப் பையை வாளியில் முக்கினால் அட்டை ஊதி, பசை விட்டு, தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

பூசணமா, கொழுப்பா

ஐப்பசி, கார்த்திகையில் பீரோவைத் திறந்தால் பையின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். எல்லாம் பூசணம் இல்லை. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து உறைந்தாலும் அப்படித்தான் தெரியும். அந்த இடத்தில் உள்ளங்கையைச் சூடு ஏறும்வரை வைத்து எடுங்கள். கொழுப்பு என்றால் உருகி மறையும். மென்துணியால் துடைத்தால் போதும். பூசணம் அப்படியே இருக்கும், மண்வாசனையும் அடிக்கும்.

பூசணம் என்றால் பையை வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் வித்து அடுத்த பைக்குப் போகும். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சரிபாதி தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு, நன்றாகப் பிழிந்து லேசாகத் துடையுங்கள். ஸ்பிரிட் சில பூச்சுகளைக் கரைத்துவிடும். அடிப்பக்கத்தில் சோதித்த பிறகே முகப்புக்கு வாருங்கள்.

சுத்தம்

முதலில் காய்ந்த பிரஷ். தையல் பள்ளத்தில், பூட்டுக்கு அடியில், அடிக்கால் குமிழ்களைச் சுற்றி இருக்கும் மண் எமரித் தாள் மாதிரி தோலை அறுக்கும். அது போன பிறகே ஈரத்துணி.

குளிக்கிற சோப்பு, பாத்திரம் தேய்க்கிற திரவம், வீட்டில் குழந்தைக்குத் துடைக்கிற ஈரக் காகிதம், எல்லாம் வேண்டாம். தோல் இயல்பில் லேசான அமிலத் தன்மை உள்ளது, சோப்பு காரம். தோலுக்கென்று விற்கும் மென்மையான கிளீனரை நுரையாக்கி, நுரையை மட்டும் துணியில் தொட்டு, ஒரு நேரம் ஒரு பக்கம் என்று துடையுங்கள். கைப்பிடி மட்டும் அடம் பிடிக்கும். வியர்வையும் கை எண்ணெயும் வருஷக்கணக்கில் ஏறிக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பை முழுசாக எடுக்கப் பார்த்தால் நிறமும் சேர்ந்து வந்துவிடும். பெரியம்மையின் கைப்பிடிக் கறுப்பை நான் விட்டுவிட்டேன்.

அட்டை மாற்றுதல்

ஒடுங்கிய மூலை, குழிந்த பக்கம் என்றால் முதலில் அடைத்துப் பாருங்கள். அட்டையைப் பையின் உள்ளளவுக்கு வெட்டி இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில் துணியைத் திணித்து, பத்து நாள் விடுங்கள். தாவரப் பதனீட்டுத் தோலாக இருந்தால், குழிந்த இடத்தில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் ஒற்றிவிட்டு அடைத்தால் நன்றாக நிமிரும். பாதிப் பைகள் இதிலேயே சரியாகிவிடும்.

அட்டை நொறுங்கியிருந்தால் அழுத்தும்போது சறுக் சறுக்கென்று சத்தம் வரும். அப்போது உள்துணியின் மேல்விளிம்பைத்தான் பிரிக்க வேண்டும், தோல் தையலை அல்ல. மதினி பையில் பிளேடின் முனையால் ஒவ்வொரு தையலாக வெட்டி, உள்துணியைச் சட்டைப்பை மாதிரி வெளியே இழுத்தேன். அடியில் கூழான அட்டையைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்து ஒரு தாளில் வைத்துக் கோடு போட்டுக்கொண்டேன். புது அடிக்கு 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு போட்டேன். அடுத்த வெள்ளத்துக்கு அது கூழாகாது. பழைய அளவைவிடச் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் குறைவாக வெட்டி, நான்கு மூலையையும் நகம் வெட்டுவது போல உருட்டிவிடுங்கள். கூர்மூலை ஆறே மாதத்தில் தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தகட்டைப் பருத்தித் துணியில் சுற்றி உள்ளே இறக்க வேண்டும். பக்கங்களுக்குப் பைண்டிங் கடை அட்டையே போதும்.

ஒட்டுவதற்குச் செருப்புக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சொல்யூஷன். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். புதியவர்கள் தவறுவது இந்தக் காத்திருப்பில்தான். சொட்டச் சொட்ட ஒட்டினால் பிடிக்காது, தோலில் கறையாகவும் ஊறிவிடும். ஒட்டிய பின் திருத்த முடியாது, முதல் தடவையே நேராக வையுங்கள்.

தையல், ஓரம்

மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாக விட்டுக்கொண்டே போகும். கைத்தையலில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்திருக்கும். பழைய துளைகளிலேயே தையுங்கள். குத்தூசியால் புதுத் துளை போட்டால் அஞ்சல்தலை மாதிரி அந்த வரியில் தோல் கிழிந்துவிடும். மெழுகு தேய்த்த நூல் போதும், மீன்பிடி நரம்பெல்லாம் வேண்டாம். நூல் தோலைவிட வலுவாக இருந்தால் நூல்தான் தோலை அறுக்கும்.

கைப்பிடி சேரும் இடத்தை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். பை முழுக் கனமும் அங்கேதான் தொங்குகிறது.

ஓரம் பிசிறடித்திருந்தால் 400 எண் உப்புத்தாளால் லேசாக இழைத்து, தேன்மெழுகு தேய்த்து, முரட்டுத் துணியால் சூடு ஏறும்வரை தேயுங்கள். நகப்பூச்சு ஒரு வாரம் பளபளக்கும், அப்புறம் வெடிக்கும்.

பித்தளை

பழைய பையின் பூட்டு, வளையம், அடிக்குமிழ் எல்லாம் பெரும்பாலும் பித்தளை, அல்லது பித்தளை முலாம். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, அங்கே துரு உட்கார்ந்திருக்கும். ஒட்டவில்லை என்றால் பித்தளைதான் என்று அர்த்தமில்லை, துத்தநாக வார்ப்பிலும் ஒட்டாது. உள்பக்கம் ஊசியால் கீறினால் தெரியும்: மஞ்சளாகவே இருந்தால் முழுப் பித்தளை, வெள்ளையாகத் தெரிந்தால் முலாம்.

பித்தளை தோலைத் தொடுகிற இடத்தில் பச்சையாக, மெழுகு மாதிரி களிம்பு ஏறியிருக்கும். தோலிலுள்ள கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்து உண்டாவது அது. குத்துவிளக்கு தேய்க்கிற கை பழக்கத்தில் புளியை எடுப்பது, அதுதான் இரண்டாவது பையில் நான் செய்தது. விளக்கில் கழுவி விடலாம், பையில் எங்கே கழுவுவது? புளித்தண்ணீர் பூட்டைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தோலில் இறங்கிவிட்டது, இன்றைக்கும் போகவில்லை.

இப்போது செய்வது வேறு. பல்குத்தும் குச்சியின் முனையைச் சப்பையாக்கி, களிம்பைக் காய்ந்தபடியே நோண்டி எடுக்கிறேன். பிளாஸ்டிக் தாளில் பூட்டின் அளவுக்கு ஓட்டை வெட்டி, தோலை மறைத்து அதற்கு மேல் மாட்டிக்கொண்டு, காது குடையும் பஞ்சில் ஒரு பொட்டு மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்க்கிறேன். முலாம் என்றால் பாலிஷும் கிடையாது, வெறும் துணிதான். இல்லையென்றால் முலாம் துணியோடு வந்துவிடும். ஜிப் இறுகியிருந்தால் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து நாலு தடவை இழுங்கள்.

இப்போது எண்ணெய்

எல்லாம் முடிந்த பிறகு, எல்லாவற்றையும்விடக் குறைவாக. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வேண்டாம். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும், தூசியை இழுக்கும். தோலுக்கான நிறமில்லாத கிரீமில் ஒரு பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பரப்பி, ஒரு முழுப் பக்கத்துக்குப் பூசுங்கள். அரை மணி கழித்துத் துடையுங்கள். வளையும் இடங்களான மூடி மடிப்பு, கைப்பிடி, பக்கவாட்டு மடிப்பு ஆகியவற்றுக்கு இரண்டாம் முறை. நேரான பக்கங்களுக்கு ஒருமுறையே போதும். அங்கே தோல் மெத்தென்று ஆனால் அட்டையை விட்டு விலகும்.

வெடிப்பு கிரீமால் ஒட்டாது. நார் அறுந்தது அறுந்ததுதான், மறைக்கலாம் அவ்வளவே. மூலைத் தேய்மானத்துக்கு அதே நிறத்தில் கிரீம் பாலிஷை மெல்லிசாக மூன்று தரம் ஏற்றலாம். ஒவ்வொரு தரமும் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள்; துணியில் நிறம் வந்தால் கல்யாண வீட்டில் பட்டுச்சேலையிலும் வரும். பை முழுக்கப் புது நிறம் அடிக்கும் ஆசையை முதல் ஐந்து பைகளுக்காவது தள்ளிப்போடுங்கள்.

நாற்றத்துக்கு ஒரு மெல்லிய துணிப்பையில் அடுப்புக்கரி போட்டுப் பைக்குள் வைத்து ஒரு வாரம் மூடி வையுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம், அந்த வாடை பூசண வாடையைவிடப் பிடிவாதமானது. உள்துணி பிளாஸ்டிக்காக இருந்து பிசுபிசுத்தால் பவுடர் போட்டுச் சமாளிக்காமல் கிழித்துவிட்டுப் பருத்தித் துணி தையுங்கள்.

எப்போது செய்வது, எங்கே வைப்பது

பாளையங்கோட்டையிலும் டவுனிலும் இருப்பவர்களுக்குத் தை, மாசி நல்ல காலம். ஆனி, ஆடிக் காற்றிலும் பை நன்றாக உலரும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் அதே ஆடியில் சாரல், அங்கே அப்போது பசையைத் தொடாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி பீரோவுக்குள் வைத்துவிடுங்கள், யூகிக்கிற வேலை மிச்சம்.

பையைத் தலையணை உறைக்குள் போட்டு, உள்ளே துணி அடைத்து, கைப்பிடியைத் தொங்கவிடாமல் நிற்கும் நிலையில் வையுங்கள். பாலித்தீன் கவர் கூடாது, ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். அடித்தட்டில் வைக்காதீர்கள், மதினி இப்போது மேல்தட்டில்தான் வைக்கிறார். மாதம் ஒருமுறை எடுத்து, மூடியைத் திறந்து, நிழலில் ஒரு பொழுது காற்றாட விடுங்கள்.

பெரியம்மை பை இன்னும் லேசாக இடது பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. அந்த எண்ணெய் முழுசாக வெளியே வரவில்லை. ஒரு பர்ஸ், ஒரு கண்ணாடிக் கூடு, ஒரு சாவிக்கொத்து, அதற்கு மேல் நான் அதில் எதுவும் போடுவதில்லை.